திங்கட்கிழமைக் கழிப்பு

எனக்கு இடது கையில் மூன்று விரல்தான். பார்க்கிறவர்கள் சுரங்கத்தில் வெடி விபத்தா என்று கேட்பார்கள். இல்லை, பண்டிகை விளையாட்டில் போனது என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். சிரிக்கிறவர்களிடம் மேற்கொண்டு பேசுகிற பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது. அதனால் இதை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதினால் முகத்துக்கு நேரே யாரும் சிரிக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் வராத காலம் அது. தலைப்பாகையில் களிமண் உருண்டையை ஒட்டி, அதில் மெழுகுவத்தியைக் குத்திக்கொண்டு கேஜில் இறங்குவோம். கேஜ் என்றால் எங்களைக் கீழே கொண்டுபோகிற இரும்புக் கூண்டு. கீழே எனக்கு வேலை தமர் அடிப்பது, அதாவது வெடிமருந்து வைப்பதற்குப் பாறையில் துளை போடுவது. அமுக்கிய காற்றில் ஓடும் துளை மிஷின்கள் வந்துவிட்டன, ஆனால் அவை நுழையாத இடுக்குகள் நிறைய இருந்தன. அங்கெல்லாம் இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் நீளமான உளியைப் பாறையில் ஊன்றிப் பிடிப்பான். இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். அடிக்கு அடி பிடிக்கிறவன் உளியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையில் சிக்கிக்கொள்ளும். நான் பிடிக்கிறவன். அடிக்கிறவன் என் மச்சான், என் பெண்சாதியின் தம்பி.

உளியின் தலை கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிது. அதற்கு ஒரு சாண் கீழே என் கை. வியர்வை கண்ணில் இறங்க, மெழுகுவத்தி காற்றில் ஆட, அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பான். ஒரு நாளும் தப்பியதில்லை. எப்படித் தப்பாமல் அடிக்கிறான் என்று நான் யோசித்ததும் இல்லை. யோசித்தால் அங்கே உட்கார முடியுமா?

எங்கள் லைன் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. லைன் என்றால் நாங்கள் குடியிருந்த, மண் பூசிய தட்டி வீடுகளின் வரிசை. திங்கட்கிழமை ஷிப்டில் முதல் காரியமாக, பிடிக்கிறவன் கையைப் பாறைமேல் விரித்து வைப்பான். அடிக்கிறவன் சம்மட்டியைக் கொஞ்சம்போலத் தூக்கிப் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டுவான். வலிக்க வேண்டும், ஆனால் காயம் படக்கூடாது. "கழிஞ்சிச்சி" என்பான் அடிக்கிறவன். "கழிஞ்சிச்சி" என்பான் பிடிக்கிறவன். அதற்குப் பிறகுதான் வேலை. இதற்குக் கழிப்பு என்று பேர்.

இதன் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் அடித்தாலும் என்றைக்காவது ஓர் அடி தவறத்தான் செய்யும். தவறாமல் போகப் போக அந்தத் தவறு எங்கேயோ சேர்ந்துகொண்டே போகிறது. அது பெரிதாகி வந்து விழுவதற்கு முன்னால் நாமே அதைச் சின்னதாக விழவைத்துவிட்டால் அந்த வாரத்துக்குக் கவலையில்லை. கண் பட்டால் பூசணிக்காய் உடைக்கிறோமே, அந்த மாதிரிதான். சாமி கும்பிடுகிறவன், கோயிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்தார்கள். பக்கத்தில் வேலை செய்த தெலுங்குக்காரர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றார்கள். தட்டு வாங்கிய கை புதன்கிழமை வரைக்கும் விண் விண்ணென்று தெறிக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் இருந்தார். டிரெசர் ஐயா என்போம். மிஷன் பள்ளியில் படித்தவர், நல்ல மனிதர். ஆனால் அவருக்கு நோயாளிகளை விடக் கேள்விகள்மேல்தான் ஆசை அதிகம். மனுஷனுக்கு ஏன் கொட்டாவி ஒட்டிக்கொள்கிறது, சடுகுடு ஆடுகிறவன் மூச்சு முட்டும்போது ஏன் கண்ணை அகல விழிக்கிறான், இப்படி. மச்சானுக்குக் காலில் ஓர் ஆறாத புண். கட்டு மாற்றப் போகிறபோதெல்லாம் அவரிடம் மணிக்கணக்காக உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டுவிட்டு வருவான்.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு காசைச் சுண்டிக்கொண்டிருந்தார். தொடர்ந்து தலையே விழுந்துகொண்டிருந்தது. "அடுத்தது இன்னா விழும்?" என்று மச்சானைக் கேட்டார்.

"பூதாங்க. இம்மா நேரம் வராம இருந்துச்சே, அது வந்துதானே ஆவணும்."

"ஏன் ஆவணும்? காசுக்கு ஞாபகம் இல்லேப்பா. முன்னாடி இன்னா விழுந்துச்சின்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் அதுக்கு முதல் தரம்தான்."

மச்சான் அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழிப்பைப் பற்றி அவரிடம் சொன்னான். அவருக்கு ஒரே குஷி. இரண்டு பேருக்கும் ஒரே தப்புத்தான் என்றார், பூ வந்தே ஆகும் என்கிறவனுக்கும் கழிப்புச் செய்கிறவனுக்கும். சேர்ந்து சேர்ந்து வருவது என்று ஒன்றும் கிடையாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். "அது சரி, அடிக்கறப்ப நீ எதைப் பாப்பே? சம்மட்டியையா, உளித் தலையையா, மாமன் கையையா?" என்றும் கேட்டார்.

மச்சான் கையைத் தூக்கி, அடிக்கிற மாதிரி இறக்கிப் பார்த்தான். "தெர்லீங்க" என்றான்.

"தெரியாமலா அடிக்கறே? அடுத்த வாட்டி பாத்துட்டு வந்து சொல்லு."

வழியெல்லாம் அவன் காசு சுண்டுகிற மாதிரி கட்டைவிரலைச் சுண்டிக்கொண்டே வந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. "காசுக்கு ஞாபகம் இல்லேன்னா போவட்டும்டா. உன் கைக்குக் கீதில்ல?" என்றேன். அவன் கையை மூடி மூடித் திறந்து பார்த்தபடி நடந்து வந்தான்.

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போலக் கையை வைத்தேன். அவன் சம்மட்டியை எடுக்கவில்லை. "வேணாம் மாமா. சம்மட்டிக்கு மட்டும் ஞாபகம் இருக்கப் போவுதா? சும்மாவே உங்களை இன்னாத்துக்கு நோவ வெக்கறது?" என்றான். சரி, ஒரு வாரமாவது கை நிம்மதியாக இருக்கட்டும் என்று நானும் உளியை எடுத்துக்கொண்டேன். அந்த வாரம்தான் துரைமார்களின் பண்டிகை.

எங்கள் மேல்துரைகள் சீமையிலும் சுரங்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரில் பண்டிகை நாளென்றால் பாறையில் தமர் அடித்துப் பந்தயம் விடுவார்களாம். அதை இங்கேயும் வைத்தார்கள். மைதானத்தில் கருங்கல் பாறைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பந்தல், நாற்காலி, கொடி எல்லாம் இருந்தது. ஒரு துரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், அவர் நிறுத்தச் சொல்லும்போது யாருடைய துளை ஆழமோ அவர்கள் ஜெயித்தவர்கள். பரிசு ஆளுக்கு ஒரு சீமைக் கம்பளி. நாங்கள்தான் ஜெயிப்போம் என்று லைனே சொன்னது. என் பெண்சாதி அந்தக் கம்பளியை யார் போர்த்துவது என்று அதற்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

பட்டப்பகலில் நாங்கள் தமர் அடித்ததே கிடையாது. இருட்டில் வேலை செய்து பழகியவனுக்கு வெயிலில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. என் கையே யாருடையதோ போல இருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் டிரெசர் ஐயா, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி மலர்ந்த முகத்தோடு நின்றார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. ணங், ணங் என்று ஒரே சீராக விழுந்தது. பக்கத்துப் பாறைக்காரர்களை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம். பிறகு அந்தச் சீர் கொஞ்சம் தளர்ந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. அவன் பார்க்க ஆரம்பித்துவிட்டான். எதைப் பார்த்து அடிக்கிறோம் என்று பார்க்கிறான். நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அடிக்கு ணங் என்ற சத்தம் வரவில்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

சுண்டு விரலையும் மோதிர விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கோபக்காரன் என்று பேர் எடுத்தவன் நான், எனக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. கல்லை இடிக்கும் மில் இராப்பகலாக ஓடும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். களி கொடுத்தால் தின்றேன். பார்க்க வந்தவர்கள் பேசினார்கள், நான் அவர்கள் வாய் அசைவதைப் பார்த்தேன். இல்லாத விரல் இரண்டும் அரித்தபோது மட்டும் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கழிப்பை விட்டான், அதனால் வந்தது என்றது லைன். எல்லார் கண்ணும் பட்டுவிட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தன்னால்தான், பார்க்காமல் அடித்திருந்தால் விழுந்திருக்காது என்றான் மச்சான். டிரெசர் ஐயா கட்டு மாற்றும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "இது தற்செயல்தான். கழிப்பு பண்ணியிருந்தாலும் நடந்திருக்கலாம்" என்றார்.

"நீங்க அந்தக் கேள்வியைக் கேக்காம இருந்திருந்தா?"

அவர் துணியைச் சுற்றுவதை நிறுத்தினார். "தெரியலேப்பா. கேக்காத மாதிரி இன்னொரு தரம் நடத்திப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அதை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். அவன் என் கைக்கு ஒரு சாண் மேலே எத்தனை வருஷம் அடித்தான். அத்தனை அடியும் ஏன் சரியாக விழுந்தது என்று ஒருவரும் காரணம் கேட்டதில்லை. இந்த ஓர் அடிக்குத்தான் எல்லாரும் காரணம் தேடினார்கள். ஒரே தடவை நடந்த காரியத்துக்குக் காரணம் கேட்டால் எவன் சொல்வான், எப்படிச் சொல்வான்?

காயம் எனக்கு, ஆனால் உருக்குலைந்தது அவன். சம்மட்டியைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் நடுங்கியது. அவனுக்கு உளி பிடிக்க ஒருவனும் வரவில்லை, யாரைக் குறை சொல்ல முடியும்? மேஸ்திரி என் பெண்சாதியைக் கூப்பிட்டு, "இந்த மாசம் முடிய பாப்பேன்மா. அப்பால ஊரைப் பாத்துப் போவச் சொல்லு" என்றார்.

ஊர் என்றால் எங்களுக்கு என்ன ஊர். வட ஆர்க்காட்டில் ஓர் ஆண்டையின் பண்ணை. என் மாமனார் அங்கே பண்ணையாளாகவே செத்தார். அவர் மகன் ஓடிவந்ததை அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டார். சம்மட்டி பிடிக்கத் தெரிந்ததால்தான் அவன் இங்கே ஒரு மனுஷனாக நடமாடினான். திரும்பிப் போனால் அந்தப் பண்ணையை விட்டு மறுபடி வெளியே வரமாட்டான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரு தரம் நீங்க புடிங்க" என்றாள் என் பெண்சாதி. "நீங்க புடிச்சாத்தான் அவன் கை நிக்கும். வேற ஆளு புடிச்சி பிரயோசனம் இல்ல." நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வலது கை நன்றாக இருந்தது. சரி என்றேன். பயமாக இருந்ததா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். உளியை ஊன்றி வலது கையால் பிடித்தேன். மச்சான் எதிரில் நின்றான். மூச்சை இழுத்துச் சம்மட்டியைத் தூக்கினான். அது மேலே போனதும் என் கை உளியை விட்டுவிட்டு என் மார்போடு வந்து ஒட்டிக்கொண்டது. உளி சாய்ந்து விழுந்தது. கையை எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஊன்றினேன், மறுபடி அதே கதை. அடுத்த தடவை அவன் சம்மட்டியைத் தூக்கக்கூட இல்லை, குனிந்து எடுக்கப் போனான், அதற்குள் என் கை வந்துவிட்டது.

"வுடுங்க மாமா" என்றான். சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் இதை டிரெசர் ஐயாவிடம் கேட்டேன். யார் என் கையை இழுத்தது? அவருக்கு மறுபடி அந்தப் பழைய ஆர்வம் வந்துவிட்டது. ஓர் அளவுகோலை எடுத்து என் வலது கை விரல்களுக்கு நடுவே செங்குத்தாகத் தொங்கவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் விட்டார். அது கீழே விழுவதற்குள் பிடித்துவிட்டேன். திரும்பத் திரும்பச் செய்தார். "பாத்தியா, புடிக்கணும்னு நீ யோசிச்சா புடிச்சே? உன் கை உன்னைக் கேக்கறதில்லே. நெருப்பைத் தொட்டா கை தானே வந்துடுதில்ல, அந்த மாதிரி. அதை நீ நிறுத்த முடியாதுப்பா. உன்மேல குத்தம் இல்லே" என்றார்.

அடிபட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு வார்த்தையாவது இதமாக இருந்தது என்றால் அதுதான். வீட்டுக்கு வந்து பெண்சாதியிடம் அப்படியே சொன்னேன். கை நம்மைக் கேட்பதில்லையாம், நிறுத்த முடியாதாம், படித்தவர் சொல்கிறார் என்றேன். அவள் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைத் தட்டிவிட்டு அடுத்த பிடி மாவை அள்ளிப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் துணிமூட்டையைக் கட்டிவிட்டான். வாசலில் உட்கார்ந்து அதன் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அடுப்பில் உலை வைத்திருந்தவள் எழுந்து வெளியே வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த உளியை எடுத்தாள். நேரே பின்னால் போய் அந்தப் பாறையில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பின்னாலேயே போனோம். உளியை ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடிடா" என்றாள்.

"அக்கா, வேணாம்."

"அடிடா. உலை கொதிக்குது, எனக்கு வேலை கீது."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்? நான் பாறையை விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சுவரின் மண்ணில் ஒரு வெடிப்பு, அதில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

ணங்.

அவளுக்கு உளியைத் திருப்பத் தெரியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் சிக்கிக்கொண்டது. "திருப்புக்கா, இப்டி" என்று அவன் நின்று நின்று சொல்லிக்கொடுத்து அடித்தான். போகப் போகச் சொல்வது குறைந்து சத்தம் சீராக வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் அழுதுகொண்டே அடித்தான். அழுகிற கண்ணுக்கு உளி எங்கே தெரியும், கை எங்கே தெரியும்? ஆனாலும் தப்பவில்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்து, "போதும், உலை வழிஞ்சிருக்கும்" என்று எழுந்து போனாள். பாறையில் ஒரு கோணல் துளை இருந்தது.

திங்கட்கிழமை அவன் கேஜில் இறங்கினான். அக்காக்காரியே பிடித்தாள் என்று அதற்குள் லைன் முழுக்கப் பரவியிருந்தது. அதைக் கேட்டு ஒருவன் தானாகவே அவனுக்குப் பிடிக்க வந்தான். ஷிப்டு முடிந்து வந்து மச்சான் மூட்டையை அவிழ்த்துத் துணியை எடுத்துக் கொடியில் போட்டான். என்னை மேலேயே, மழுங்கிய உளிகளைக் கொல்லன் பட்டறைக்கு எடுத்துப் போகிற வேலையில் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் எனக்குச் சோறு போட்டாள். களி இல்லை, சோறு. மச்சான் சாப்பிட்டு வெளியே போயிருந்தான். எனக்கு அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

"டிரெசரு சொன்னாரே, கை நம்மளைக் கேக்காம இழுத்துக்கும்னு. உன் கை மட்டும் எப்படி நின்னுச்சி?" என்றேன்.

"எங்க நின்னுச்சி?" என்றாள். "எனக்கும்தான் இழுத்துச்சி. அவன் தூக்கறப்பல்லாம் இழுத்துச்சி. நான் வெச்சிக்கினு இருந்தேன்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் கம்மி என்பது போலத்தான் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். விரல் போன அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. இலையில் விழுந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.